ரத்தம் எடுத்தீர்கள், அட்டை கொடுத்தீர்கள், அப்புறம்?

தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தை நடத்தும் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும், பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கும், எங்கள் மாநிலத்தில் அதை நிறைவேற்றும் அதிகாரிகளுக்கும்,

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் 27 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை மேலிடத்துக்கு நான் எழுதியதெல்லாம் மாதாந்திர அறிக்கைதான். எத்தனை கர்ப்பிணி, எத்தனை தடுப்பூசி, எத்தனை பிரசவம். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காத ஒன்றைச் சொல்ல இப்போது எழுதுகிறேன். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் இந்தப் பரம்பரை நோய்க்காக, ரத்தம் எடுத்துச் சோதித்து, முடிவை அட்டையில் எழுதிக் கொடுக்கும் உங்கள் முகாம்களைப் பற்றி.

போன வருடம் பள்ளி திறந்த புதிதில், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பணியர் என்ற பழங்குடி மக்களின் பேச்சு எனக்குக் கொஞ்சம் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால், எடுத்துச் சொல்ல நேரம் என்று ஒன்றை யாரும் ஒதுக்கியிருக்கவே இல்லை. வராந்தாவில் ஒரு மேசை. மேசை மேல் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. முகாமுக்கு வந்திருந்த இளைஞர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். "நார்மல்... நார்மல்... கேரியர், நீ அந்தப் பக்கம் நில்லு... நார்மல்..." முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சுவரோரம் பதினோரு பிள்ளைகள். அவர்களில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அட்டையின் மூலையைக் கடித்துக்கொண்டே என் பக்கம் வந்தாள். "சேச்சி, நான் இன்னும் எத்தன வருஷம் இருப்பேன்?" என்று கேட்டாள்.

அவளுக்கு எந்த நோயும் கிடையாது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ மாறிய ஜீன் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைத்தான் கேரியர் என்கிறார்கள். இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். மற்ற எல்லாரையும் போல ஓடலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம், கிழவியாகலாம். இதை அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. மீதிப் பத்துப் பேரிடம் சொல்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அன்று சாயங்காலமே மைதானத்தில் ஒரு பையனை மற்றவர்கள் "டேய் அரிவாள்" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் அவன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த விடுதி, யார் நடத்திய முகாம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த இளைஞர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை அட்டை என்று இலக்கு. நானும் இலக்கோடு வாழ்ந்தவள்தான். என் கேள்வி, அந்த இலக்கை வைத்தவர்களிடம்.

திட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் இதைத் தொடங்கி வைத்தபோது, டிவி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கியவள் நான். எங்கள் பக்கம் இந்த நோயை "சிக்கிள்" என்றுதான் சொல்வோம். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளான பாடிகளில் இத்தனை காலமாக "கை கால் குடைச்சல்" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போன பிள்ளைகளின் நோய்க்கு, நாட்டின் பிரதமர் வாயால் பெயர் சொல்லிக் கேட்டது அன்றுதான். 17 மாநிலங்கள், 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேர், 2047-க்குள் ஒழிப்பு என்றார்கள். பரிசோதனை 6 கோடியைத் தாண்டிவிட்டது என்று அரசே சொல்கிறது. இத்தனை பேரின் பரம்பரைச் செய்தியை இவ்வளவு வேகமாகச் சேகரித்த வேலை இந்த நாட்டில் வேறு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேகம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

மலையில் "அட்டை" என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைதான். தேயிலைக்காட்டில் உப்பும் புகையிலையும் கலந்து துணியில் கட்டி வைத்திருப்போம். இரண்டாவது அட்டை, என் அப்பா கொண்டுவந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. அதில் ஒரு எழுத்து மாறியதற்காக அவர் பத்து வருடம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அரசாங்கம் ஒரு மனிதனைப் பற்றி அட்டையில் ஒன்றை எழுதிவிட்டால், அதை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் கொடுத்திருப்பது மூன்றாவது அட்டை.

உங்கள் அட்டையின் அமைப்பை எழுதுகிறேன், படிப்பவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண் அட்டையையும் பெண் அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், அந்த இருவருக்கும் பிறக்கும் பிள்ளைக்கு என்ன வரலாம் என்று தெரியும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வேறு என்ன செய்யலாம்? வலி வந்தால் எங்கே போவது, எந்த மாத்திரை, யாருக்குப் போன் செய்வது? எங்கள் பக்கத்தில் நான் கையில் வாங்கிப் பார்த்த அட்டை எதிலும் இதில் ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. ஜாதகக் கட்டத்துக்குப் பதிலாக ரத்தக் கட்டம். கல்யாணப் பொருத்தம் பார்க்க மட்டும் பயன்படுகிற ஒரு மருத்துவ அட்டை.

பொருத்தம் பார்த்தால் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் கேரியர் என்று அட்டை சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் திரும்பவே இல்லை. இதில் வேடிக்கை, அந்தப் பையன் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. அவனுக்கு இந்த ஜீன் இல்லையென்றால், அவர்களுக்குப் பிறக்கும் ஒரு பிள்ளைக்குக்கூட நோய் வராது. அதைச் சொல்ல நான் போனேன். பையனின் அம்மா கதவோரம் நின்றே, "உங்க வீட்டுப் பையனா இருந்தா கட்டுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். கட்டுவேன் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்தப் பெண்ணின் தங்கை பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். முகாம் வண்டி சத்தம் கேட்டால் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். நீங்கள் இதை "ஒத்துழையாமை" என்று எழுதிக்கொள்வீர்கள்.

இது எங்கள் ஊரில் புதிதாக நடப்பதும் இல்லை. கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்று ஓர் ஊர். அங்கேயும் சிக்கிள் உண்டு. 50 வருடத்துக்கும் முன்னால் ஊர் முழுக்கப் பரிசோதித்து, யார் கேரியர் என்று சொல்லி, ஒருவரையொருவர் கட்டாதீர்கள் என்று புத்திமதியும் சொன்னார்கள். சில வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தால், கேரியர்கள் ஊரில் ஒதுக்கப்பட்டிருந்தார்கள், பலர் அதை மறைத்தே கல்யாணம் செய்திருந்தார்கள். கேரியரும் கேரியரும் சேர்ந்த கல்யாணங்கள், பரிசோதனையே நடக்காமல் இருந்தால் எத்தனை இருந்திருக்குமோ அத்தனையே இருந்தன. அவமானம் மட்டும் மிச்சம்.

அமெரிக்காவில் 1970-களில் கறுப்பின மக்களிடம் நடந்தது இன்னும் மோசம். பல மாநிலங்கள் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. கேரியருக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாமல் வேலை மறுத்தார்கள், காப்பீடு மறுத்தார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இந்த நோய் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள கோளாறு என்று 1949-ல் உலகுக்குக் காட்டியவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகப் போராடிய நல்ல மனிதர். அவரே 1968-ல், இந்த ஜீன் உள்ள இளம்பிள்ளைகளின் நெற்றியில் ஓர் அடையாளத்தைப் பச்சை குத்திவிட்டால், அதே ஜீன் உள்ள இருவர் காதலிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். நெற்றியில் குத்துவதற்கும் சட்டைப்பையில் கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று விடுதி வராந்தாவில் நின்றபோது யோசித்தேன்.

எங்கள் மலைக்கு இதில் இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. இந்தியாவில் சிக்கிள் ஜீன் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்ததே நீலகிரியில்தான். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் இருளர், குறும்பர், பணியர் ரத்தத்தைச் சோதித்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதாவது 70 வருடத்துக்கும் மேலாக இந்த மக்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். பாட்டியிடம் எடுத்தார்கள், மகளிடம் எடுத்தார்கள், பேத்தியிடம் நீங்கள் எடுக்கிறீர்கள். ஒரு வயதான மூப்பர் என்னிடம் கேட்டார்: "எடுத்த ரத்தமெல்லாம் எங்க வச்சிருக்காங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினரும் இதையேதான் கேட்டார்கள். சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தை, அவர்களுக்குத் தெரியாமல் மனநோய் ஆராய்ச்சிக்கும், அவர்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தவர்கள் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். வழக்குப் போட்டு, 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திரும்ப வாங்கினார்கள் அந்த மக்கள்.

"ஒழிப்பு" என்ற வார்த்தையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியம்மையை ஒழித்தோம், போலியோவை ஒழித்தோம். அவை வெளியிலிருந்து வந்த கிருமிகள். சிக்கிள் பரம்பரையாக வருவது, அம்மாவின் மூக்கும் அப்பாவின் நடையும் வருவதைப் போல. ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் மலேரியாதான் ராஜா. இந்த ஜீன் ஒன்று இருப்பவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்லாது என்பதை 1954-லேயே ஆண்டனி அல்லிசன் ஆப்பிரிக்காவில் காட்டிவிட்டார். காட்டில் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த ஜீனும் ஒரு காரணம். அதை வைத்திருப்பவர்களிடம் போய் "ஒழிக்க வந்திருக்கிறோம்" என்று பேனர் கட்டினால், "எதை, எங்களையா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டார்கள்.

பழங்குடி நோய் என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். ஒரு முகாமில் நானும் கையை நீட்டினேன். "உங்களுக்கு வேண்டாம் சிஸ்டர், அவங்களுக்குத்தான்" என்றார் ஊசியோடு இருந்த பெண். எங்களுக்குப் பக்கத்திலேயே வயநாடன் செட்டி சமூகத்தில் சிக்கிள் இருக்கிறது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. ஜீனுக்கு ஜாதிச் சான்றிதழ் படிக்கத் தெரியாது. பட்டியலைப் பார்த்துப் பரிசோதித்தால் ஒரு பக்கம் நோயாளி விடுபடுவார், இன்னொரு பக்கம் ஒரு சமூகமே "அந்த ரத்தம்" என்று பெயர் வாங்கும்.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். முகாமில் செய்வது பெரும்பாலும் கரைதிறன் சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தைக் குழாயில் உள்ள திரவத்தில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிப்போம். கோடு தெரிந்தால் இல்லை, கலங்கி மறைந்தால் இருக்கிறது. மலிவு, சுலபம், காட்டுக்குள்ளும் செய்யலாம். ஆனால் கேரியர் ரத்தமும் கலங்கும், நோயாளி ரத்தமும் கலங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எலக்ட்ரோபோரசிஸ் போன்ற அடுத்த சோதனை வேண்டும். பச்சைக் குழந்தைக்கோ இந்தக் குழாய்ச் சோதனையை நம்பவே முடியாது. இதெல்லாம் உங்கள் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நடைமுறை என்னவென்றால், நோட்டில் "பாசிடிவ்" என்று எழுதுகிறார்கள், உறுதிச் சோதனை முடிவு வர மாதங்கள் ஆகின்றன, சில சமயம் வருவதே இல்லை. அந்த "பாசிடிவ்" என்ற ஒரு சொல்லுக்காக, பந்தலூர் பக்கம் ஒரு பெண்பிள்ளையை ஒரு வருடம் விளையாட்டிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மாவட்ட அளவில் ஓடியவள். அடுத்த வருடம் முடிவு வந்தது, கேரியர். நன்றாக ஓடலாம். அதற்குள் அவள் ஓடுவதை விட்டிருந்தாள்.

ஆலோசனை என்று நீங்கள் எழுதும் விஷயத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கேரியர் தம்பதி. மூத்த பையனுக்கு நோய். அந்தம்மா மறுபடி கர்ப்பம். "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு முகாம்ல சொன்னாங்க. மூத்தவனுக்கு வந்துடுச்சு. இனி மூணு பேருக்கு வராது இல்ல?" என்று நிம்மதியாகச் சொன்னார். இந்தத் தப்பு படித்தவர்களும் செய்வதுதான். நான் பேசவில்லை. இரண்டு டம்ளர் எடுத்தேன், ஒன்று அம்மா, ஒன்று அப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மொச்சை, ஒரு கருப்பு மொச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னேன். இரண்டும் கருப்பாக வந்தால் நோய். முதல் தடவை கருப்பும் வெள்ளையும். எடுத்ததைத் திரும்ப டம்ளரில் போடச் சொன்னேன். இரண்டாவது தடவை இரண்டும் கருப்பு. திரும்பப் போட்டார்கள். மூன்றாவது தடவையும் இரண்டும் கருப்பு. அந்தம்மா மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கறதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு பீடி முடித்துத் திரும்பி வந்து, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பார்க்க வழி உண்டா, பார்த்து இருக்கிறது என்றால் என்ன செய்வது, செய்யாவிட்டால் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கர்ப்பத்திலேயே பார்க்கலாம் என்று சொன்னேன். அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும், அதுவும் இத்தனை வாரத்துக்குள் என்று கணக்கு இருக்கிறது என்றேன். முடிவு உங்களுடையது, எதுவாக இருந்தாலும் நான் வருவேன் என்றும் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்களின் விஷயம், இங்கே எழுத மாட்டேன். உங்கள் அறிக்கைப் படிவத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. "ஆலோசனை வழங்கப்பட்டது: ஆம்" என்று மட்டும் போட முடியும்.

இந்த மாதிரிப் பேச, அந்த மொழி பேசும் ஆள் வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே நர்ஸாகப் பயிற்சி பெற்றுப் பல வருடமாக வேலை செய்கிறார்கள். அவர்கள் சொன்னால் பாடியில் கேட்பார்கள். நான் சொன்னாலே பாதிதான் ஏறும். சென்னையிலிருந்து வந்தவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது நோய் இருப்பவர்களின் நிலைமை. ஜூன் பிறந்து தென்மேற்கு மழை பிடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வலி வரும். சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும்போது வருகிற வலி அது, எலும்பை உள்ளிருந்து திருகுவது போல் இருக்கும் என்பார்கள். 19 வயதுப் பையன் ஒருவனை ஜீப்பில் போட்டு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வலியில் கத்தினான். பணியில் இருந்தவர் அவன் வாயை மோந்து பார்த்தார், குடித்திருக்கிறானா என்று. அப்புறம் "இவனுங்க ஊசிக்காக நடிப்பானுங்க" என்று என்னிடமே சொன்னார், நானும் துறைக்காரி என்பதால். ஒன்றரை மணி நேரம் ஸ்டிரெச்சரில் கிடந்தான். அவன் சட்டைப்பையில் உங்கள் அட்டை இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எல்லாரும் கேட்கும் அட்டையை வலியில் துடிக்கும்போது ஒருவரும் கேட்கவில்லை.

ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மாத்திரை. புதியதும் இல்லை, விலை அதிகமானதும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டு, அவ்வப்போது ரத்த அணு எண்ணிக்கை பார்த்துக்கொண்டால் வலி வருவது பாதியாகக் குறைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் வர இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. இரண்டு தடவை அப்படித் திரும்பியவர் மூன்றாவது தடவை வரமாட்டார். அவரையும் "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்றுதான் எழுதுவோம்.

இந்த மாத்திரைக்கே இந்தப் பாடு. இதற்கிடையில் ஜீனையே திருத்தும் மருத்துவம் வந்துவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் விக்டோரியா கிரே என்ற பெண் கிரிஸ்பர் முறையில் சிகிச்சை பெற்றார். இன்று வலியில்லாமல் இருக்கிறார். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கேஸ்கெவி என்ற அந்தச் சிகிச்சையை அனுமதித்தன. விலை 22 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 18 கோடி ரூபாய். உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற கிரிஸ்பர் சிகிச்சை, ஏழைகளுக்கே அதிகம் வரும் நோய்க்கு. அதை வாங்கக்கூடியவர்கள் அந்த ஏழைகள் இல்லை. நம் விஞ்ஞானிகள் டெல்லியில் இதைக் குறைந்த செலவில் செய்யும் முறையை உருவாக்கி, 2025 நவம்பரில் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரையே வைத்து "பிர்சா 101" என்று அறிவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையிலேயே.

ஆனால் பெருமையோடு ஒரு பயமும். இந்தச் சிகிச்சையில் எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்துவிட்டுத்தான் திருத்திய செல்களை ஏற்றுகிறார்கள். பிள்ளை பெறும் சக்தி போகலாம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பல வருடம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இது சோதனைக் கட்டத்துக்கு வரும்போது முதலில் யார் உடம்பில்? 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடி விடுதிப் பெண்பிள்ளைகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டது உங்கள் கோப்புகளில் இருக்கும். சில பிள்ளைகள் இறந்தார்கள். தடுப்பூசியால் அல்ல என்று விசாரணையில் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. தடுப்பூசியை ஆயிரக்கணக்கில் போட்டவள் நான், அது நல்ல தடுப்பூசி. ஒப்புதல் வாங்கிய விதம்தான் கேவலம். 2013-ல் நாடாளுமன்றக் குழுவும் அதைக் கடுமையாகச் சாடியது. அதே மாதிரி ஒரு விடுதி வராந்தாவில்தான் நான் அந்தப் பதினோரு பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் ரத்தத்தை எடுக்க எந்தப் பெற்றோரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. வார்டன் சரி என்றாராம்.

சட்டம் காப்பாற்றும் என்கிறீர்களா? அமெரிக்காவில் 2008-லும் கனடாவில் 2017-லும், ஜீனைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், "மரபணுக் கோளாறு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது, நல்ல தீர்ப்பு. ஆனால் பாடியில் இருப்பவர் டெல்லிக்குப் போவாரா? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்புப் பிரிவு கிடையாது. 2019 மசோதாவில் இருந்தது, சட்டமாகும்போது காணாமல் போனது. அதாவது 6 கோடிப் பேரின் பரம்பரைச் செய்திக்கும் என் செல்போன் நம்பருக்கும் ஒரே பூட்டு.

நான் கேட்பவை இவைதான்.

உறுதிச் சோதனை முடிவு வராமல் யாருக்கும் அட்டை கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் பேச்சில் பேசத் தெரிந்தவர் மூலம் கொடுங்கள். பள்ளியிலும் விடுதியிலும் பெயர் வாசித்துக் கொடுப்பதைத் தடை செய்து சுற்றறிக்கை அனுப்புங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை வேண்டாம்; கேரியர் என்ற தகவலை அந்தப் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது சொன்னால் போதும். நோய் இருக்கும் பிள்ளை வேறு, அதற்கு நாள் கடத்தாமல் வைத்தியம் வேண்டும்.

அட்டையை மாற்றி அச்சிடுங்கள். நோயாளி அட்டையில், வலி வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவருக்கான குறிப்பாகப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கேரியருக்கு அட்டையே வேண்டாம், கேட்டால் ஒரு கடிதம் கொடுங்கள். கல்யாணத்துக்கு இந்த அட்டை கட்டாயம் என்று எந்த அதிகாரியும், எந்த ஊர்ப் பஞ்சாயத்தும், எந்தத் திருமணத் திட்டமும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

எடுத்த ரத்தம் எங்கே இருக்கிறது, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அந்தந்த ஊரில் கிராம சபையைக் கூட்டிச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரின் மாதிரியை அழியுங்கள். மரபணுத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று உங்கள் இரண்டு அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் சொல்லுங்கள். ஜீன் திருத்தும் சிகிச்சைக்கு ஆள் சேர்க்கும் நாள் வந்தால், விடுதியிலிருந்து ஒருவரையும் சேர்க்காதீர்கள். சோதனையில் உடம்பைக் கொடுத்த சமூகத்துக்கு, அது தேறியபின் இலவசமாகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பாடிக்கு ஒரு ஆலோசகர், அந்தப் பாடியின் பெண்ணே, மாதச் சம்பளத்தோடு. ஊக்கத்தொகை கணக்கில் வேண்டாம், அட்டைக்கு இத்தனை என்றால் மறுபடி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பயிற்சிக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், என் டம்ளரும் மொச்சையும் என்னிடம்தான் இருக்கின்றன.

கடைசியாக, மாத்திரை. நோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்குத் தேவையான ஹைட்ராக்ஸியூரியா, அவர் வீட்டுக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில், அவர் பெயர் எழுதிய பையில் இருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் கோப்பு, குழு என்று நாள் ஆகும், தெரியும். இதற்கு ஆகாது. மே மாதம் முடிவதற்குள் செய்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் இங்கே மழை பிடித்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி